பாஸ்வேர்டு டீச்சர்

“பாஸ்வேர்டு?”

“சொல்ல மாட்டேன் டீச்சர்!”

“உள்ள போ. அடுத்து நீ. பாஸ்வேர்டு?”

“சொல்ல மாட்டேன் டீச்சர்!”

கணினி அறையின் கதவை மறித்துக்கொண்டு நிற்பார் டீச்சர். ஒரு கை நிலையில், ஒரு கை இடுப்பில். வரிசையில் வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அதே கேள்வி. சொல்ல மாட்டேன் என்றால் கை விலகும். வாய் தவறி உண்மையான பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டால் போச்சு, வரிசைக் கடைசிக்குப் போக வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு வாண்டு அவரைக் குனியச் சொல்லி, “உங்களுக்கு மட்டும் சொல்றேன், என் பூனை பேரு” என்று காதுக்குள் சொன்னபோது அவருக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரும்பாடு. ஆனாலும் விடவில்லை. “பூனைக்குட்டி, கடைசிக்குப் போ.”

இப்படித்தான் அவருக்குப் பாஸ்வேர்டு டீச்சர் என்ற பெயர் வந்தது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

ஆள் குள்ளம். நடை வேகம். கையில் எப்போதும் ஈரத்துணி. காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே கீபோர்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டுவார். உதிர்வதைப் பார்த்தே சொல்லிவிடுவார்: “கிரீம் பிஸ்கட். நாலாங்கிளாஸ். பிள்ளைங்களா, கம்ப்யூட்டருக்குப் பசிக்கலடா, உங்களுக்குத்தான் பசிக்குது.” கைபேசியின் முன்பக்கக் கேமராவில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். பேருந்தில் யாராவது சத்தம் போட்டு போனில் வங்கிக்காரனிடம் எண்களை ஒப்பித்துக்கொண்டிருந்தால், இறங்கும்போது அவர் தோளைத் தட்டுவார். “சார், நீங்க சொன்ன நம்பர் எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. முதல்ல மாத்துங்க.” சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் முறைப்பார்கள். இரண்டையும் அவர் ஒரே மாதிரிதான் எடுத்துக்கொள்வார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். “ஊருக்கெல்லாம் பூட்டு போடுறவ, வீட்டுச் சாவிய எங்க வெச்சேன்னு தினம் என்னையத்தான் கேக்குறா” என்பார். அதுவும் உண்மைதான்.

உண்மையில் அவர் கணக்கு டீச்சர். இணையப் பாதுகாப்பு என்று வாரத்துக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள். இவர் மாட்டிக்கொண்டார். கூடவே ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அட்டையில் கறுப்பு முகமூடி போட்ட ஒரு திருடன் கணினித் திரைக்குள்ளிருந்து கையை நீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே விதிகள். முன்பின் தெரியாதவரிடம் பெயர் சொல்லாதே. பள்ளி சொல்லாதே. வீடு சொல்லாதே. கணக்கு டீச்சராயிற்றே, வாய்ப்பாடு சொல்லித்தருகிற மாதிரியே சொல்லித்தந்தார். பிள்ளைகளும் ராகம் போட்டுச் சொன்னார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டு அசந்துபோய், “பிரமாதம்மா” என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். அந்தப் பெருமை சில மாதம் அவர் நடையிலேயே தெரிந்தது.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது.

மூன்றாம் வகுப்பு. ராகம் கேட்டுக் கேட்டு அவருக்கே சலித்துப்போயிருந்தது. ஒரு மாறுதலுக்காக விளையாட்டு ஒன்று வைத்தார். அவர் தன் கணினியில் தட்டுவது சுவரில் பெரிதாகத் தெரியும். அவர்தான் முன்பின் தெரியாத ஆள். பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும்.

‘ஹலோ. என் பெயர் குட்டிப்புலி. உன் பெயர் என்ன?’ என்று தட்டினார்.

“சொல்ல மாட்டோம்!” கூரை அதிர்ந்தது.

‘நீ எந்தப் பள்ளி?’

“சொல்ல மாட்டோம்!”

‘உன் வீடு எங்கே இருக்கிறது?’

“சொல்லவே மாட்டோம்!” பெஞ்சில் தாளம் வேறு.

டீச்சருக்கு முகமெல்லாம் பல். அப்போதுதான் ஜன்னலோர வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். எல்லோரும் அவளை ரப்பர் என்று கூப்பிடுவார்கள். அழிரப்பரைத் தொலைக்காத நாளே அவளுக்கு இல்லை. தினமும் யாரிடமாவது கடன் கேட்டுக்கொண்டிருப்பாள். வேறெதற்கும் வாய் திறக்காத பிள்ளை.

“டீச்சர், நீங்க தப்பா கேக்குறீங்க.”

“என்னது தப்பு?”

“அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க டீச்சர். எடுத்த உடனே பேர் கேட்டா யாரு சொல்லுவா?”

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். “அப்ப நீ வந்து கேளு பார்ப்போம்” என்று தன் நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

ரப்பர் வந்து உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினாள். எழுத்துப் பிழைகளோடு சுவரில் வரிகள் வந்தன.

‘நீ சூப்பரா விளையாடுற. இவ்ளோ நல்லா யாருமே விளையாடல.’

பிள்ளைகளின் முகம் மலர்ந்தது.

‘உன்கிட்ட நீல சிறகு இல்லையா? பாவம். நான் சும்மாவே தரேன்.’

“எனக்கு! எனக்கு வேணும்!” பாதி வகுப்பு எழுந்துவிட்டது. அவர்கள் எல்லோரும் கைபேசியில் விளையாடும் ஒரு பறக்கும் விளையாட்டில் அது கிடைப்பதற்கரிய பொருள் என்பது டீச்சருக்குப் பிறகுதான் தெரிந்தது.

‘எங்க வீட்ல யாருமே என்கூட பேச மாட்டாங்க. உங்க வீட்ல?’

“எங்க அப்பாவும் பேச மாட்டாரு, போனையே பார்த்துட்டு இருப்பாரு” என்றது ஒரு குரல். “எங்கம்மா கடைக்குப் போயிட்டா நானும் தங்கச்சியும் மட்டும்தான்” என்றது இன்னொன்று. “எப்ப போவாங்க?” என்று ரப்பர் தட்டக்கூட இல்லை, திரும்பி வாயாலேயே கேட்டாள். “சாயங்காலம்” என்று பதில் வந்தது. தெரு, மாடி, நாய் இருக்கிறது, நாய் கடிக்காது, எல்லாம் வந்தது. யாரும் கேட்காமலேயே ஒருத்தி, சாவி எந்தத் தொட்டிக்கடியில் இருக்கும் என்பதையும் சொன்னாள்.

சற்று முன் தொண்டை கிழியச் ‘சொல்லவே மாட்டோம்’ என்று கத்திய அதே பிள்ளைகள்.

 நிறுத்து என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். அதற்குள் ரப்பர் கடைசி வரியைத் தட்டிக்கொண்டிருந்தாள். வேகமாகத் தட்டினாள், பாடமான வரி போல.

‘இது நம்ம ரகசியம். அம்மாகிட்ட சொன்னா போனைப் புடுங்கிடுவாங்க. அப்புறம் நான் தனியா ஆயிடுவேன்.’

வகுப்பே குதூகலமாக இருந்தது. விளையாட்டு அவர்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

“இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தது?” என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

ரப்பர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு, கதவருகே தினமும் சொல்லுகிற அதே தெளிவோடு சொன்னாள்.

“சொல்ல மாட்டேன் டீச்சர்.”

சரியான விடை என்று நினைத்துக்கொண்டு வகுப்பு முழுவதும் கைதட்டியது.

மணி அடித்தது. மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார். என்ன கேட்பதென்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டார். யார் அது, எப்போதிலிருந்து, என்ன சொன்னான், நீ என்ன சொன்னாய். ரப்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா பேச மாட்டேங்குற?”

“உங்க முகம் மாறிடுச்சு டீச்சர்.”

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு. எழுந்து வெளியே போனார். குழாயடியில் முகத்தைக் கழுவினார். இன்னொரு முறை கழுவினார். திரும்பி வந்து, அவளுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அந்த நீல சிறகு எப்படி இருக்கும்? எனக்கு அந்த விளையாட்டே தெரியாதே.”

ரப்பர் தயங்கினாள். பிறகு ஒரு காகிதத்தை இழுத்து வரைந்து காட்ட ஆரம்பித்தாள். சிறகு எங்கே ஒட்டும், எவ்வளவு உயரம் பறக்கலாம். சிறகு கொடுத்த நண்பன் பேர் வானம்பாடி. அவனுக்குப் பத்து வயசு. அவள் அம்மா நர்ஸ். இரவு வேலைக்குப் போய்விட்டால் பக்கத்து வீட்டு அக்கா வந்து படுத்துக்கொள்வாள், அவளும் சீக்கிரம் தூங்கிவிடுவாள். அப்போது வானம்பாடிதான் பேச்சுத்துணை. பள்ளிச் சீருடையில் ஒரு படம் கேட்டான், அனுப்பினாள். சட்டைப்பையில் பள்ளியின் பெயர் தைத்திருக்கிறது. அது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும்தான் என்ன, அவன்தான் நண்பனாயிற்றே.

“அப்ப பேரு சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லிக்குடுத்தது?”

“அது தெரியாதவங்ககிட்ட டீச்சர். வானம்பாடிய எனக்குத் தெரியுமே.”

டீச்சர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை நிமிர்த்தினால் மாறிவிடும் என்று பயம்.

“நாளைக்கு மறுநாள் என் பொறந்தநாள்” என்றாள் ரப்பர், இப்போது உற்சாகம் வந்துவிட்டிருந்தது. “அவன் சின்னப் பையன்ல, தனியா வர முடியாது. அதனால அவங்க மாமா வராரு. பின்னாடி சின்ன கேட்டுக்கு. கார்ல போய் கேக் வாங்கிட்டு வந்துடலாம்னு சொன்னான். மணி அடிக்கிறதுக்குள்ள திரும்பிடலாமாம்.”

“ம்” என்றார் டீச்சர். “கேக்கு நல்லா இருக்கும்ல” என்றும் சொன்னார். அந்த வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

டீச்சர் போன் செய்ததும் நர்ஸ் அம்மா தூக்கக் கலக்கத்தோடு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் அவர் கைதான் மேலே போனது. டீச்சர் குறுக்கே புகுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாங்க. அடிச்சா, ‘போனைப் புடுங்குவாங்க, திட்டுவாங்க’ன்னு அவன் சொன்னது உண்மையாயிடும். அவன் ஜெயிச்சிடுவான்.”

“நான் ராத்திரி பகலா யாரு பிள்ளைக்கோ ஊசி போட்டுட்டு இருக்கேன் டீச்சர். என் பிள்ளைய...”  கையோடு கொண்டுவந்திருந்த, மகள் விளையாடும் கைபேசியைத் தரையில் அடிக்க ஓங்கினார். அதையும் டீச்சர் வாங்கிக்கொண்டார். “உடைக்காதீங்க, எதையும் அழிக்காதீங்க. அவன் எழுதினது எல்லாம் இதுலதான் இருக்கு. போலீஸுக்கு இதுதான் வேணும்.”

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் தலைமை ஆசிரியைக்கு வேர்த்துவிட்டது. “கொஞ்சம் பொறுங்க டீச்சர். அவசரப்பட வேணாம். ஸ்கூல் பேரு கெட்டுடும்.”

“மேடம், ஸ்கூல் பேரு அவன்கிட்டதான் இருக்கு” என்றார் டீச்சர். “பிள்ளை சட்டையில படிச்சிட்டான்.”

தலைமை ஆசிரியை முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொலைபேசியை எடுத்து அவரே எண்ணை அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை ரப்பர் வீட்டில், அம்மாவின் மடியில் இருந்தாள். பின்பக்கக் கேட்டுக்கு உள்ளே பெரிய பூட்டு. வெளியே குழாய் பழுதுபார்ப்பவர்கள் மாதிரி இரண்டு போலீஸ்காரர்கள் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சரை வகுப்பில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் கணினி அறை ஜன்னலோரம் நின்றார்.

ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய ஆள் தலையை வழித்துச் சீவியிருந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் பேனா. கையில் வண்ணக் காகிதம் சுற்றிய பெட்டி, அதன்மேல் முடிச்சுப் போட்ட ரிப்பன். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பள்ளம் தோண்டுகிறவரிடம் ஏதோ கேட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு.

யாரோ ஒரு பிள்ளையின் அப்பா, தெரியாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டார் என்றுதான் டீச்சர் நினைத்தார். ஐயோ, இந்த மனுஷன் குறுக்கே வந்து காரியத்தைக் கெடுத்துவிடப் போகிறாரே என்று பதறினார். தோண்டியவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் புரிந்தது.  பேருந்தில் ஏறியிருந்தால் எழுந்து இடம் கொடுத்திருப்பேன் என்று பின்னால் கணவரிடம் சொன்னார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வானம்பாடி என்ற பையன் கிடையாது. மாமாவும் அவன்தான், வானம்பாடியும் அவன்தான். அவனுடைய கைபேசியில் வேறு பல ஊர்ப் பிள்ளைகளின் படங்கள் சீருடையோடு இருந்தன. ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொரு பறவையின் பெயர் வைத்திருந்தான். வழக்கு நடந்தது, தண்டனை கிடைத்தது, உள்ளே இருக்கிறான். ரப்பர் நன்றாக இருக்கிறாள். அழிரப்பரை இன்னும் தொலைக்கிறாள். நர்ஸ் அம்மா பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டார்.

ஊரெல்லாம் டீச்சரைப் பாராட்டியது. அவரோ பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவருக்குப் பொறுக்கவில்லை.

“நீதானே காப்பாத்துன? அப்புறம் எதுக்கு இப்படி உக்காந்திருக்க?”

“நான் எங்க காப்பாத்துனேன்? அவ எழுந்து நின்னா. என் பாடம் தப்புன்னு சொல்லணும்னு அவளுக்குத் தோணுச்சு. தோணலேன்னா?”

 கணவர் சாப்பாட்டுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்த வாரத்தோடு டீச்சர் கதவடியில் பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்திவிட்டார். “யாருகிட்ட சொல்லக் கூடாதுன்னு தொண்டை கிழியச் சொல்லிக்குடுத்தேன். யாருகிட்ட சொல்லணும்னு ஒரு நாள் சொல்லிக்குடுக்கல” என்பார். முகமூடித் திருடன் அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டார். புதிய மூன்றாம் வகுப்பில் அவர் எடுக்கும் முதல் பாடம், பரிசு தருகிறவன் பற்றியது. சும்மா ஒன்று கொடுக்கிறான், உன்னைப் புகழ்கிறான், அம்மாவிடம் சொல்லாதே என்கிறான். அவன் எவ்வளவு நல்லவனாகத் தெரிந்தாலும், எவ்வளவு நாள் பழக்கமானாலும், ஓடிவந்து சொல்லிவிடு. ஏற்கெனவே படம் அனுப்பிவிட்டிருந்தாலும் சொல்லு. தப்பு அவனுடையது.

ஆனால் அவருடைய பெரிய வகுப்பு பிள்ளைகளுக்கானது இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோரை வரவழைத்து, பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் உட்காரவைக்கிறார். முழங்கால் முகவாயை இடிக்கும். நர்ஸ் அம்மாதான் உதவிக்கு; பிள்ளையாக நடிப்பது அவர். ஒவ்வொரு பெற்றோர் முன்னாலும் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, “நான் ஒருத்தருக்கு என் போட்டோ அனுப்பிட்டேன்” என்பார். கேட்பவர் முகம் மாறக் கூடாது. அவ்வளவுதான் பரீட்சை.

அநேகமாக யாரும் முதல் தடவையில் தேறுவதில்லை. இரும்புக்கடை வைத்திருக்கும் ஓர் அப்பா நாற்காலியோடு சேர்ந்து எழுந்தார். “எவன்டி அவன்? எங்கடி இருக்கான்?”

“போச்சு” என்றார் டீச்சர். “உங்க பொண்ணு வாயை மூடிட்டா. இனி ஆறு மாசத்துக்குத் திறக்காது. உக்காருங்க, மறுபடியும்.”

“எப்படிங்க டீச்சர் கோவம் வராம இருக்கும்?”

“வரட்டும். நல்லா வரட்டும். அவ தூங்கினதுக்கப்புறம் வரட்டும். சுவத்துல போய் முட்டிக்கங்க, யாரு வேணாம்னா? அவ முன்னாடி மட்டும் ‘ம், அப்புறம்?’னு கேளுங்க. நான் அதக் கேக்கத் தெரியாம ஒரு பிள்ளைய அழவெச்சேன்.”

இரும்புக்கடைக்காரர் மூன்றாவது முறை தேறினார். தேறிய பிறகு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

டீச்சரும் வீட்டில் கண்ணாடி முன்னால் பழகுவதுண்டு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் முகம் மாறாமல் நிற்கிறாளே என்று கணவர் கிண்டல் செய்கிறார்.

போன வாரம் இடைவேளையில், முன்பல் விழுந்த ஒரு பிள்ளை கணினி அறை வாசலில் வந்து நின்றது. இரண்டாம் வகுப்பு. செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

“டீச்சர், நான் ஒண்ணு சொன்னா எங்க வீட்ல சொல்லிடுவீங்களா?”

“சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா உன் கையப் புடிச்சிட்டு, உன் பக்கத்துல நின்னுதான் சொல்லுவேன்.”

பிள்ளை அதை யோசித்தது. வெளியே மைதானத்தில் பந்து அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே வந்து, மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் முதல் வாக்கியத்தைச் சொன்னது.

டீச்சர் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, பிள்ளையின் கண்ணுக்குச் சமமாக உட்கார்ந்தார். மேசைக்கடியில் அவருடைய வலது கை நாற்காலியின் இரும்புக் காலைப் பற்றியது. விரல்கள் வெளுக்கும்படி இறுகியது. மேசைக்கு மேலே, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று விசாரிப்பவரின் முகத்தோடு, பிள்ளையின் கலைந்த முடியை இடது கையால் ஒதுக்கிவிட்டார்.

“ம்... அப்புறம்?”